வாக்கு எப்போது வீணாகிறது?

விருத்தாசலம் என்றதும் பீங்கான் பொம்மைகளும் ஜாடிகளும் உங்கள் நினைவுக்கு வரலாம். அதற்கு அடுத்த மங்களூரையும் (கர்நாடகத்து மங்களூர் அன்று) சேர்த்துப் பார்த்தால், தேர்தல் கணிதத்தில் நல்லதொரு பாடம் கிடைக்கிறது.

ஒரு தொகுதியில் 100 பேர் வாக்களிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல்வருக்கு 40, இரண்டாமவருக்கு 35, மூன்றாமவருக்கு 25. அறுபது பேர் விரும்பாவிட்டாலும் வெற்றி 40 பெற்றவருக்கே. நம் நாட்டு முறைப்படி பாதிக்கு மேல் தேவையில்லை. அவரை அறவே வெறுக்கும் அந்த 25 பேர் அடுத்த தேர்தலில் என்ன செய்வர்? மனம் ஒப்பாமலே இரண்டாமவருக்குப் போடுவர். இத்தகைய தேர்தல்முறை நாளடைவில் இரு கட்சிகளையே நிலைக்க விடும் என்று பிரெஞ்சு அறிஞர் மாரிஸ் டுவெர்ஜே 1951இல் எழுதினார். இது நியூட்டன் விதி போன்றதன்று. ஒரு போக்கு மட்டுமே.

சிறிய கட்சிகளும் இக்கணக்கை அறியும். 2001இல் விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் தொல். திருமாவளவன் மங்களூரில் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார். இரவல் சின்னத்துக்கு ஒரு விலை உண்டு: சட்டமன்றத்தில் அவர் தி.மு.க. உறுப்பினராகவே கருதப்படுவார். 2004இல் அப்பதவியைத் துறந்து, இரு பெரிய அணிகளுக்கும் வெளியே சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் நின்றார். இரண்டரை இலட்சத்துக்கு மேல் வாக்குகள் பெற்றும் தோற்றார். 2006இல் அவர் கட்சி அ.தி.மு.க. அணியில் சேர்ந்தது, மங்களூர் மீண்டும் கிடைத்தது.

அதே 2006இல் பக்கத்து விருத்தாசலத்தில் நடந்தது வேறு. விஜயகாந்தின் தே.மு.தி.க. ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் தனித்து நின்று ஏறத்தாழ 8.4 விழுக்காடு வாக்குப் பெற்றது. கிடைத்த இடம் ஒன்றே, அது விருத்தாசலம். 2011இல் அ.தி.மு.க.வுடன் சேர்ந்து 41 இடங்களில் மட்டும் நின்றது. வாக்கு சுமார் 7.9 விழுக்காடு, இடங்களோ 29! தோழமைக் கட்சியின் வாக்குகளும் அதில் அடக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்படியானால் 2006இல் விழுந்த வாக்குகள் வீணா? ஒரு தேர்தலை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் வீண்தான். ஆனால் அந்த 8.4 விழுக்காட்டைக் காட்டித்தானே 41 இடங்களுக்குப் பேரம் பேச முடிந்தது? இரண்டு தேர்தல்களைச் சேர்த்துப் பார்த்தால் விடை மாறுகிறது.

தேர்தல்முறையையே மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். மூவரோ அதற்கு மேற்பட்டோரோ போட்டியிட்டால், உண்மை விருப்பத்தை மறைத்து வாக்களிப்பதால் எவருக்கும் ஒருபோதும் ஆதாயம் இராது என்று உறுதி தரும் வரிசைமுறை வாக்கெடுப்பு, ஒருவரே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சர்வாதிகாரம் தவிர, வேறொன்றும் இல்லை. கிப்பார்ட் 1973இலும் சாட்டர்த்வெயிட் 1975இலும் இதை நிறுவினர்.

2016இல் திருமாவளவன் மக்கள் நலக் கூட்டணி என்ற மூன்றாம் அணியின் சார்பில் காட்டுமன்னார்கோவிலில் நின்று 87 வாக்குகளில் தோற்றார். ‘மூன்றாம் அணி எங்கே ஜெயிக்கப் போகிறது’ என்று எண்ணி வேறு பொத்தானை அழுத்திய ஆதரவாளர்கள் அத்தொகுதியில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?