ஒரே விடை, வேறு நேரம்: குறியாக்க நிரலும் கம்பைலர்களும்

ஜிசிசி, கிளாங், மைக்ரோசாஃப்ட் கம்பைலர் மூன்றிலும் ஒரு நிரல் ஒரே விடையைத் தந்துவிட்டால், அது எங்கும் ஓடும் நிரல் என்று ஏற்றுக்கொள்கிறோம். குறியாக்க நிரலுக்கு இந்த அளவுகோல் போதாது. சி மொழியின் தரநிலை விடையைப் பற்றித்தான் பேசுகிறது. விடை வர எவ்வளவு நேரம் பிடித்தது என்பது அதன் கணக்கில் இல்லை. அந்த நேரத்தை அளந்தே ரகசியச் சாவியை எடுத்துவிடலாம் என்று பால் கோச்சர் 1996-இலேயே காட்டிவிட்டார்.

சாவிப் பரிமாற்றத்துக்கான கைபர் குறியாக்க முறையின் மாதிரி நிரலைப் பார்ப்போம். 256 பிட் ரகசியச் செய்தியில் ஒரு பிட் 0 என்றால் 0 ஆகவும், 1 என்றால் 1665 ஆகவும் மாற வேண்டும். பிட்டைச் சோதித்துக் கிளை பிரித்தால் நேரம் காட்டிக்கொடுக்கும். ஆகவே நிரலை எழுதியவர்கள் பிட்டுக்கு எதிர்க்குறி இட்டார்கள்: 0 அப்படியே இருக்கும், 1 என்பது −1 ஆகி, எல்லாப் பிட்டும் 1 ஆகிவிடும். அதை 1665-உடன் 'அண்ட்' செய்தால் வேலை முடிந்தது, கிளையே இல்லை. ஆனால் எக்ஸ்86 செயலிகளுக்காகத் தொகுக்கையில், கிளாங்கின் சில பதிப்புகள் சில உகப்பாக்கத் தேர்வுகளில், வரக்கூடியவை இரண்டே மதிப்புகள் என்று கண்டுகொண்டு, பிட்டைச் சோதித்துத் தாவும் கட்டளையை வைத்துவிட்டன. அதைக் கொண்டு சாவியைச் சில நிமிடங்களில் மீட்க முடியும் என்பது 2024-இல் வெளிவந்தது. தரநிலைப்படி கம்பைலர் மேல் குற்றமே இல்லை. தேர்வு செய்யும் பகுதியைத் தனிக் கோப்புக்கு மாற்றித் திருத்தினார்கள். என் பார்வையில் இது கம்பைலரின் கண்ணை மறைப்பதுதான். இணைப்பு நேர உகப்பாக்கத்தை இயக்கினால் அந்தத் திரையும் விலகக்கூடும்.

மைக்ரோசாஃப்டின் 2015 கம்பைலரில் சிக்கல் இன்னும் ஆழத்தில் இருந்தது. கர்வ்25519 என்ற நீள்வட்ட வளைவுக் குறியாக்க நிரலை 32 பிட்டுக்குத் தொகுத்தபோது, 64 பிட் பெருக்கல் ஒரு நூலகச் செயற்கூறிடம் போனது. இரு எண்களின் மேல் பாதியும் பூச்சியமாக இருந்தால் அது குறுக்குவழியில் போய்விடும். மூலநிரலை எத்தனை முறை வாசித்தாலும் இது கண்ணில் படாது.

எனவே ரகசியத்தைத் தொடும் சிறு பகுதியை அசெம்பிளியில் எழுதுவதே மேல் என்பேன். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் நெடுங்காலமாக இப்படித்தான் செய்கிறது: பெர்ல் நிரல்கள் அசெம்பிளியை உருவாக்கி, விண்டோஸ், யூனிக்ஸ் இரண்டின் அசெம்ப்ளர்களுக்கும் ஏற்ற வடிவில் தருகின்றன. செயலிக்குச் செயலி எழுத வேண்டியிருந்தாலும், கம்பைலர் மாறினால் கட்டளைகள் மாறுவதில்லை. அசெம்பிளியைச் சரிபார்ப்பது கடினம் என்ற மறுப்பு நியாயமானது. அசெம்பிளிக்கு நெருக்கமான ஜாஸ்மின் மொழி அதற்கு ஒரு விடை: மூலத்தில் ரகசியம் சார்ந்த கிளை இல்லையென்றால் அதன் கம்பைலர் புதிதாக ஒன்றை நுழைக்காது என்பது கணிதமுறையில் நிறுவப்பட்டுள்ளது. ஆனால் அது ஆதரிக்கும் செயலிகள் சிலவே.

சி-யிலேயே இருக்க வேண்டிய நிரலுக்கு, சோதனை தொகுத்து முடித்த கோப்பின் மேல் நடக்க வேண்டும். ஆடம் லாங்லி 2010-இல் காட்டிய வழி எளிது: ரகசியம் உள்ள நினைவகத்தை மதிப்பு இடப்படாதது என்று குறித்து, நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவியில் ஓட்டினால், அதைச் சார்ந்த ஒவ்வொரு கிளையும் எச்சரிக்கையாக வெளிப்படும், நூலகத்துக்குள் இருப்பதும் சேர்த்து. நேரம் மாறும் வகுத்தல் கட்டளையை அது தானாகப் பிடிக்காது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். மூலநிரலில் ஓர் எழுத்துகூட மாறாவிட்டாலும், கம்பைலரின் பதிப்போ தேர்வுகளோ மாறும் ஒவ்வொரு முறையும் இவற்றை மறுபடி ஓட்டியாக வேண்டும்.