பஞ்சுமிட்டாயும் பச்சோலியும்

இனிப்பு மணக்கும் சென்ட்டுகளை வாசனைத் தொழிலில் 'கூர்மான்' வகை என்பார்கள். அதன் வரலாற்றை 1992இல் தொடங்குவது வழக்கம். பிரான்சின் தியெரி முக்லெர் நிறுவனத்துக்காக ஒலிவியே கிரெஸ்ப் உருவாக்கிய 'ஏஞ்செல்' அந்த ஆண்டில்தான் வந்தது. திருவிழாத் திடலின் பஞ்சுமிட்டாய், சாக்லேட், கேரமல் மணங்களை மணிக்கட்டில் ஏற்றிய முதல் சென்ட் அது என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனாலும் இனிப்பு அன்றைக்குப் புதிதல்ல, அதைத் தாங்கப் பெருமளவில் சேர்த்த கசப்புதான் புதிது என்பது என் கட்சி.

இனிப்பின் வேர் வனிலாவில் இருக்கிறது. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், வனிலாப் பூவில் கையாலேயே மகரந்தம் சேர்க்கும் எளிய வழியைக் கண்டான். மெக்சிகோவுக்கு வெளியே அந்தக் கொடி காய்த்துப் பெருகியது அதன் பிறகுதான். அந்த முறையால் பெரும் வணிகம் வளர்ந்தது. எட்மண்ட் அல்பியுஸோ 1880இல் வறுமையில் இறந்தார். பூப்பூவாகக் கைவேலை வேண்டியிருந்ததால் காய் மலிவான பொருளாகவில்லை. 1874இல் ஜெர்மனியின் டீமன், ஹார்மன் இருவரும் ஊசியிலை மரச்சாற்றுப் பொருளிலிருந்து வனிலின் தயாரித்தார்கள். பிரெஞ்சு சென்ட் தயாரிப்பாளர் ஏமே கெர்லான் 1889இல் அதை லாவெண்டருடன் சேர்த்து 'ஜிக்கி' என்ற சென்ட்டைச் செய்தார். 1925இல் வந்த 'ஷாலிமார்' சென்ட் வனிலினைவிட வலுவான எத்தில் வனிலினைக் கொண்டது.

அவற்றை முகர்ந்தால் தின்பண்ட நினைவு வருவதில்லையே என்று கேட்கலாம். சரிதான். லாவெண்டரும் பெர்கமாட்டும் விலங்கு மணங்களும் இனிப்பை அடக்கி வைத்திருந்தன. இனிப்புக்கு எதிரே ஒன்று நின்றாக வேண்டும் என்பதை அந்தத் தலைமுறையே அறிந்திருந்தது. பஞ்சுமிட்டாய் மணம் தரும் எத்தில் மால்ட்டால் 1960களிலேயே உணவுத் தொழிலுக்கு வந்துவிட்டது. கிரெஸ்ப் 'ஏஞ்செல்' சென்ட்டில் அதற்கு எதிரே நிறுத்தியது பச்சோலித் தைலம்: ஈர மண், காய்ந்த சருகு, கொஞ்சம் கற்பூரம், அடியில் சாக்லேட்டை நினைவூட்டும் கசப்பு. பச்சோலி மட்டும் புதிதா என்றால், இல்லை. 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீர்ச் சால்வைகளைப் பூச்சி அரிக்காமலிருக்க பச்சோலிச் செடியின் இலையை இடையில் வைத்துத்தான் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அதைச் சர்க்கரைக்கு இணையான பங்காளியாக்கியதில்தான் புதுமை.

தோலில் இந்தக் கணக்கு தெளிவாகத் தெரியும். உடம்புச் சூட்டில் எலுமிச்சை வகை மணங்கள் சில நிமிடங்களில் பறந்துவிடும். பிறகு பாகு மணம் எழும்பிப் பல மணி நேரம் நிற்கும். வனிலினும் பச்சோலியின் கனமான மூலக்கூறுகளும் மெதுவாகவே ஆவியாவதால் கடைசிவரை சேர்ந்தே தங்கும். நாம் 'கதகதப்பு' என்று உணர்வது இந்தக் கூட்டைத்தான். கசப்பு இல்லாத இடத்தில் அதே பாகு திகட்டலாக முடிகிறது. பின்னால் வந்த பல சென்ட்டுகள் மண்வாடை நீக்கிய பச்சோலியையே பயன்படுத்தின, சில அதையும் குறைத்துவிட்டன. அவை கடையில் வசீகரிக்கும், மாலைக்குள் சலித்துவிடும். ஆகவே காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். மணிக்கட்டில் ஒரு துளி இட்டுக்கொண்டு, மூன்று மணி நேரம் கழித்து மீண்டும் முகர்ந்துவிட்டுக் காசு கொடுங்கள்.