கரண்ட் வந்ததும் எதை முதலில் போடுவது?

திருச்சியை ஒட்டிய துவாக்குடி, திருவெறும்பூர் பக்கத்துச் சர்வர் ரூம்களில் 2012 வாக்கில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கரண்ட் போகும் நேரத்தைவிட அது திரும்பி வரும் நேரத்துக்குத்தான் அதிகம் பயந்தோம் என்பார்கள். சென்னையில் இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால், வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்தைத் தாண்டிய நாட்களும் உண்டு. யுபிஎஸ் அவ்வளவு தாங்காது. நாள் முழுக்க ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினால் கட்டுப்படியாகாது. நான் வேலை பார்த்தது பெல் பாய்லர் ஆலைக்கு உருப்படி செய்து கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில். எல்லாவற்றையும் ஒழுங்காக அணைப்போம். மறுபடி போட்டால் இரண்டு சர்வரும் பச்சை விளக்கோடு உறுமிக்கொண்டு நிற்கும், இரண்டையும் ஒன்றாக இணைக்கும் கிளஸ்டர் மட்டும் எழுந்திருக்காது.

ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு இயந்திரம் படுத்தால் இன்னொன்று அதே வேலையை எடுத்துக்கொள்ளட்டும் என்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1983-ல் வாக்ஸ்கிளஸ்டரைக் கொண்டுவந்தது. எல்லாக் கணினிகளுக்கும் டிஸ்க் பொது. நடுவில் கேபிள் அறுந்தால் என்ன ஆகும்? அடுத்தவன் செத்துவிட்டான் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டு ஒரே டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். ஒரே பேரேட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள், ஒருவருக்கொருவர் தெரியாமல் வரவு வைப்பதைப் போன்ற விபரீதம் அது. அதைத் தடுக்கத்தான் ஓட்டு முறை வந்தது. பாதிக்கு மேல் ஓட்டு உள்ள பக்கம் ஓடும், மற்றது தானாக ஒதுங்கிக்கொள்ளும். அந்த இயந்திரங்களின் விஎம்எஸ் மென்பொருளை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் டேவிட் கட்லர். அவர் 1988-ல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். அங்கே அவர் குழு உருவாக்கிய விண்டோஸ் என்டி 1993-ல் வந்தது. 1997-ல் என்டி 4.0-இன் எண்டர்பிரைஸ் பதிப்போடு, 'வுல்ஃப்பேக்' என்ற செல்லப் பெயரில் இரண்டு சர்வர் (நோடு) கிளஸ்டரும் வந்தது.

எங்கள் வேலையின் பாதித் தலைவலி அந்தக் கிளஸ்டரில் வைத்த ஒரு ஏற்பாட்டில் ஆரம்பித்தது. விண்டோஸ் சர்வர் 2003 பதிப்பு வரை, கிளஸ்டர் சர்வீஸ் ஓடுவதற்கு நிறுவனத்தின் கணக்குகளையெல்லாம் வைத்திருக்கும் டொமைனில் ஒரு பயனர் கணக்கு வேண்டும், ஊழியர்களுக்கு இருப்பது போலவே பெயரும் பாஸ்வேர்டுமாக. அதைப் போட்டுக்கொடுத்த அட்மின் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு பெங்களூருக்குப் போய்விடுவார். புதிதாக வந்தவர் பாதுகாப்புக்காகப் பாஸ்வேர்டை மாற்றுவார். அன்றைக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸிடம் யாரும் பாஸ்வேர்டைத் திரும்பக் கேட்பதில்லை. அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் 1069 என்ற எண்ணோடு லாகான் ஃபெயிலியர் வந்து நிற்கும்.

மின்வெட்டு எங்களுக்கு ஒரு நல்ல காரியமும் செய்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன். கரண்ட் நிற்காத ஊரில் ஒரு வருடம் ஒளிந்திருக்கும் கோளாறு எங்களிடம் மறுநாளே பல்லைக் காட்டிவிடும். மாற்றியவரும் அங்கேயே இருப்பார், மாற்றியதும் ஞாபகத்தில் இருக்கும். திருச்சிப் பையன்கள் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள் ஆனது அப்படித்தான்.

2008 பதிப்பில் பயனர் கணக்கு போய், கிளஸ்டரின் பெயரிலேயே கம்ப்யூட்டர் கணக்கு வந்தது. பாஸ்வேர்டை அதுவே 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும், எந்த மனிதருக்கும் தெரியாது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்தப் பெயரில் ஒரு பெட்டி எங்கேயும் இருக்காது. டொமைனின் கணக்குப் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியைச் சுத்தம் செய்கிறவருக்கு அது பழைய கம்ப்யூட்டர் மாதிரித்தான் தெரியும்.

"சார், ரெண்டு நோடும் நல்லா இருக்கு. கிளஸ்டர் பேரு மட்டும் ஆன்லைன் வர மாட்டேங்குது."

"டைரக்டரியில அந்தப் பேரு இருக்கான்னு பாருப்பா."

"இல்ல சார். போன வாரம் பழசையெல்லாம் எடுத்தாங்க."

அதற்குப் பிறகு, தவறுதலாக அழியாமல் காக்கும் டிக்கைப் போடாமல் ஒரு கிளஸ்டர் கணக்கையும் நான் விட்டதில்லை.

எங்களை நிஜமாக வாட்டியது வேறொன்று. 2010-ஐ ஒட்டி எல்லோரும் சர்வர்களை வர்ச்சுவல் ஆக்கினோம். டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரையும் தூக்கிக் கிளஸ்டருக்குள்ளேயே வைத்தோம். கிளஸ்டர் எழ டொமைன் வேண்டும். டொமைனோ கிளஸ்டருக்குள் படுத்திருக்கிறது. மொத்தமாக அணைத்துப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால் கழித்துக்கட்ட வைத்திருந்த ஒரு பழைய டவர் மெஷினை மர பெஞ்சில் வைத்து, தனி யுபிஎஸ் கொடுத்து, அதில் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலரை ஓட்டினோம்.

என் வீடு ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின ராத்திரி போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள் என்றால் பைக்கில் காவிரிப் பாலத்தைத் தாண்டித் துவாக்குடி போவது நடக்காது. அப்படிப்பட்ட ராத்திரிகளுக்காகத்தான் போடும் வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதலில் ஸ்விட்ச். பிறகு பெஞ்சில் உள்ள பழைய மெஷின். பிறகு ஸ்டோரேஜ். கடைசியாக இரண்டு நோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக.

அந்தக் காகிதத்தில் பின்னால் பேனாவில் சேர்த்தவைதான் அனுபவம். ஸ்விட்சுக்குப் பக்கத்தில் "போர்ட்ஃபாஸ்ட் பார்" என்றிருக்கும். வலையில் சுற்றுப்பாதை ஏற்பட்டுவிடாமல் இருக்க, சாதாரண அமைப்பில் ஸ்விட்ச் ஒவ்வொரு போர்ட்டையும் சுமார் 30 விநாடி நிறுத்திவைக்கும். விளக்கு எரியும், டேட்டா போகாது. அந்த அரை நிமிடத்தில் சர்வர் டொமைனைத் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று 5719 என்ற பிழை எண்ணை எழுதிவைத்துவிடும். டொமைனைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. சர்வர் செருகியிருக்கும் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் காத்திருப்பு இல்லை.

இன்னொரு குறிப்பு "மணி பார்". டொமைனில் ஆளை அடையாளம் காணும் கெர்பரோஸ், எம்ஐடி 1980-களில் அதீனா திட்டத்துக்காகச் செய்தது. அது தரும் அனுமதிச் சீட்டைத் திருடி யாரும் பிறகு பயன்படுத்தக் கூடாது என்று அதில் நேரமும் கலந்திருக்கும். டொமைனின் கடிகாரத்தோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் உள்ளே விடாது. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்த சர்வர், நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு ஏதோ பழைய தேதியோடு எழும். பாஸ்வேர்டு, கேபிள், பெர்மிஷன் என்று தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திரையின் மூலையில் தேதியைப் பார்க்கவே தோன்றியிருக்காது.

விண்டோஸ் சர்வர் 2012-இல் டொமைன் எழாமலே கிளஸ்டர் எழலாம் என்று ஆக்கினார்கள். 2016-இல் டொமைனே இல்லாத கிளஸ்டரும் சாத்தியமானது. மின்வெட்டும் பெரிதும் குறைந்துவிட்டது. நவல்பட்டு எல்காட் பூங்காவில் இன்று வேலைக்குச் சேரும் பிள்ளைகள் மொத்தக் கிளஸ்டரும் இருண்டு கிடப்பதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. எனக்கு அதுதான் கவலை. ஒளிந்திருக்கும் கோளாறு இப்போது வருடக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையில் லேத்தை நிறுத்தித் துடைத்து எண்ணெய் போடுகிறார்கள். அதே விடுமுறையில் சர்வர் ரூமையும் முழுதாக அணைத்து, காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும் என்று என்னிடம் வேலை கற்க வரும் தம்பிகளிடம் சொல்கிறேன். போடுவது, வரிசையை எழுதியவராக இருக்கக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவர் போடட்டும். எழுதியவர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்று, அவர் எந்த இடத்தில் திணறுகிறார் என்று குறித்துக்கொள்ளட்டும்.