கல்லறைச் சுவருக்கு வெளியே



நவம்பர் மாதம் நமக்குக் கல்லறை மாதம். இரண்டாம் தேதிக்கு முன்பே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரியும் சாமந்தியும் வாங்கி வைத்துவிடுகிறோம். திருப்பலிக் கருத்து எழுதும் நோட்டில் தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று பெயர்கள் நிரம்பிவிடுகின்றன. ஆனால் சில பெயர்கள் மட்டும் அந்த நோட்டுக்கு வருவதே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையின் தாய், மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றிருந்து, "சாமி, அவனுக்கும் பூசை வைக்கலாமா?" என்று கேட்பார். எப்படி இறந்தான் என்பதைச் சொல்லமாட்டார். நாமும் கேட்கத் தேவையில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுவோம். வைக்கலாம். வைக்க வேண்டும். அப்படியென்றால் அந்தத் தாய் ஏன் பயந்து பயந்து கேட்க வேண்டியிருக்கிறது? அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை இன்று கொஞ்சம் பார்ப்போம்.

திருவிவிலியத்திலிருந்து தொடங்குவோம். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர்கள் அதில் உண்டு. சவுல் மன்னர் அப்படி இறந்தார். யாபேசு கிலயாது மக்கள் இரவெல்லாம் நடந்து சென்று அவர் உடலை மீட்டு வந்து அடக்கம் செய்தார்கள். ஏழு நாள் நோன்பிருந்தார்கள். சவுலால் துரத்தப்பட்ட தாவீதே அவருக்காகப் புலம்பி அழுதார். தாவீதின் ஆலோசகர் அகிதோபல் என்பவரைப் பற்றியும் வாசிக்கிறோம். தன் ஆலோசனை புறக்கணிக்கப்பட்டதும் ஊருக்குத் திரும்பி, வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டு இறந்துபோனார். அதற்கடுத்து சாமுவேல் இரண்டாம் நூல் சொல்வது, அவர் தம் தந்தையின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பது. ஊருக்கு வெளியே அல்ல, தந்தையின் கல்லறையில்.

யூதாசைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஆண்டவர் அவனைப் பற்றிக் கடுமையான சொல் சொன்னார் என்பது உண்மை. ஆனால் மத்தேயு 27ஆம் அதிகாரத்தைக் கவனமாக வாசித்துப் பாருங்கள். அவன் மனம் வருந்தினான், முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான், பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். சொன்னது யாரிடம்? தலைமைக் குருக்களிடம். அவர்களோ, அது எங்கள் கவலையில்லை, நீயே பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். பாவத்தை அறிக்கையிட்டு வந்தவனைக் குருக்கள் கைவிட்ட இடம் அது. எங்களைப் போன்ற குருக்கள் அந்த வசனத்தை வேகமாகக் கடந்துபோகக் கூடாது. அதே இரவில் ஆண்டவரை மறுதலித்த பேதுருவும் கதறி அழுதார். ஆனால் திரும்பிப் போவதற்கு அவருக்குத் தோழர்கள் இருந்தார்கள்.

பிறகு திருஅவை என்ன செய்தது? நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயராக இருந்த திமொத்தேயு என்பவரிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இறந்தவர் புத்தி பேதலித்த நிலையில் இருந்தாரா என்று குரு விசாரித்து அறிய வேண்டும், அப்படி இருந்தால் அவருக்காகக் காணிக்கை ஒப்புக்கொடுக்கலாம் என்பது அவர் கொடுத்த விடை. உறவினர்கள் பொய் சொல்லக்கூடும் என்றும் எச்சரித்திருக்கிறார்! ஆக, மனநோய்க்கு இரக்கம் காட்டுவது ஏதோ நேற்று வந்த புது நாகரிகம் என்று நினைப்பவர்கள் 1,600 ஆண்டுகள் பின்னால் போய்ப் பார்க்கட்டும்.

அடுத்து புனித அகுஸ்தினார். கி.பி. 410இல் உரோமை நகரம் சூறையாடப்பட்டது. மானபங்கத்துக்கு அஞ்சிச் சில பெண்கள் உயிரை விட்டார்கள். வட ஆப்பிரிக்காவில் தொனாத்துசின் பிரிவினர் சிலர், மறைசாட்சி ஆகிறோம் என்று சொல்லித் தாங்களே சாவைத் தேடிப் போனார்கள். இந்தச் சூழலில்தான் அகுஸ்தினார், கொலை செய்யாதே என்ற கட்டளை தன் உயிருக்கும் பொருந்தும் என்று எழுதினார். இதைப் பிற்காலத்தார் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அதே நூலில், அவமானத்துக்கு அஞ்சி இறந்த அந்தப் பெண்களை மன்னிக்க மறுக்கும் மனித இதயம் உண்டா என்று அவர் கேட்டதையும், உயிரோடிருந்த பெண்களைப் பார்த்து உங்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று தேற்றியதையும் விட்டுவிட்டார்கள்.

561இல் போர்த்துகல் நாட்டு பிராகாவில் கூடிய சங்கம், தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருப்பலியில் நினைவுகூரலும் இல்லை, அடக்கத்தில் திருப்பாடலும் இல்லை என்று விதித்தது. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் மூன்று காரணங்கள் சொன்னார்: உயிர் தன்னைத்தானே காக்க விரும்புவது இயல்பு, மனிதர் சமூகத்துக்கு உரியவர், உயிர் கடவுளின் கொடை. காரணங்கள் இன்றும் சரிதான். ஆனால் சட்டம் மக்கள் கைக்கு வந்தபோது அது உயிரற்ற உடலுக்கும், உயிரோடு இருக்கும் தாய் தகப்பனுக்கும் தண்டனையாக மாறியது. இங்கிலாந்தில் 1823 வரை அப்படிப்பட்டவர்களை நாற்சந்தியில் புதைத்தார்கள். 1870 வரை சொத்தையும் அரசு பறிக்கலாம்.

நம் மண்ணில் கதை வேறு. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததை அது சொல்கிறது. சமணர் அதைத் தற்கொலை என்று கருதுவதில்லை. சங்க காலத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விட்டதும் நமக்குத் தெரியும். அப்படிச் சில சாவுகளுக்குக் கல் நட்டு மரியாதை செய்த நாட்டில், 1776இல் பாரிசு மறைபரப்புச் சபையார் புதுச்சேரிப் பணியை ஏற்றபோது, ஐரோப்பாவின் அடக்கச் சட்டமும் உடன் வந்தது. மந்திரித்த கல்லறைக்குள் இடமில்லை, மணி கிடையாது, பாட்டு கிடையாது. 1917ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பு, எண் 1240, இதை எழுத்தில் வைத்தது. அதிலும்கூட, நன்றாக யோசித்து முடிவெடுத்துச் செய்தவருக்கு மட்டுமே தடை; சாகும்முன் மனம் வருந்திய அடையாளம் இருந்தால் தடை இல்லை. சட்டத்தின் இந்தப் பாதி ஊருக்குத் தெரியவில்லை. 'சுவருக்கு வெளியே' என்ற பாதிதான் நினைவில் நின்றது.

இந்திய அரசின் சட்டமும் அதே மனநிலையில்தான் இருந்தது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், பிரிவு 309, முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் உண்மையை மறைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் தேதி வந்த புதிய சட்டத் தொகுப்பில் பழைய 309 இல்லை. அதனால் தயங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நடந்ததை நடந்தபடி டாக்டரிடம் சொல்லுங்கள்.

திருஅவை அதற்கு முன்பே திருந்திவிட்டது. 1983இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட புதிய சட்டத் தொகுப்பில், அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியல் எண் 1184இல் வருகிறது. அதில் தற்கொலை செய்துகொண்டவர்கள் இல்லை. 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல், எண் 2280 முதல் 2283 வரை, இச்செயல் கனமான தீமை என்பதை மாற்றவில்லை. ஆனால் கடும் மனநோய், வேதனை, அச்சம் ஆகியவை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. இப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது, கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர் மனம்மாற வாய்ப்பளிக்க முடியும், திருஅவை அவர்களுக்காகச் செபிக்கிறது என்கிறது. சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழு சம்மதம் என்ற மூன்றும் வேண்டும் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தோமே, இங்கே பொருந்துவது அதே பாடம்தான்.

ஆர்ஸ் நகரப் பங்குத்தந்தை புனித வியான்னியைப் பற்றி ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பாலத்திலிருந்து விழுந்து இறந்த கணவனை எண்ணி அழுத கைம்பெண்ணிடம், பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் மனம் வருந்த அவருக்கு நேரம் இருந்தது என்றாராம். பிரான்சில் வெசலே பேராலயத்தில் 12ஆம் நூற்றாண்டுத் தூண் ஒன்றில் ஒரு பக்கம் இறந்த யூதாசும், மறு பக்கம் அவனைத் தோளில் சுமந்து செல்லும் ஒருவரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சுமப்பவர் நல்ல ஆயன்தான் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிசு பலமுறை எடுத்துச் சொன்னார். யூதாசு மீட்படைந்தான் என்று திருஅவை அறிவிக்கவில்லை. எந்த மனிதரையும் பெயர் சொல்லி நரகத்தில் இருக்கிறார் என்று அறிவித்ததும் இல்லை.

"இப்படிப் பேசினால் துணிச்சல் வந்துவிடாதா சாமி?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயம்தான். இலங்கையைப் பாருங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் அது ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. நம் பக்கத்துக் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னை சிநேகா அமைப்பினர் மருந்து டப்பாக்களை வீட்டில் வைக்காமல் பொது அறையில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். கைக்கு எட்டாமல் வைத்தாலே உயிர் மிஞ்சுகிறது என்றால், பலருக்கு அது உறுதியான முடிவாக இருக்கவில்லை, கடந்துபோகக்கூடிய ஒரு கெட்ட நேரமாகவே இருந்தது என்றுதானே பொருள்? முழு சம்மதம் எங்கே இருந்தது என்று இறையியல் கேட்பதும் இதையே. ஆளைக் காப்பாற்றுவது கல்லறைச் சுவர் அல்ல.

லண்டனில் சாட் வரா என்ற ஆங்கிலிக்கன் குரு இருந்தார். 1935இல் அவர் நடத்திய முதல் அடக்கம் ஒரு 14 வயதுச் சிறுமியுடையது. மாதவிலக்கு வந்ததை ஏதோ நோய் என்று எண்ணி அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை. 1953ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்றே, அவர் தம் கோயிலில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சாக நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று உட்கார்ந்தார். சமாரித்தன்ஸ் இயக்கம் அப்படித்தான் பிறந்தது. பவுல் அடிகளார் பிலிப்பியில் செய்ததும் அதுதான். கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று நினைத்து வாளை உருவிய சிறைக்காவலரிடம், உமக்குத் தீங்கு செய்துகொள்ளாதீர், நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று இருட்டிலிருந்து உரக்கச் சொன்னார். அன்றிரவே அந்தக் குடும்பம் திருமுழுக்குப் பெற்றது.

ஐப்பசி, கார்த்திகையில் உப்பளப் பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்கும். வேலை இருக்காது. ஆனால் குழுக் கடனுக்கு வாரத் தவணை கேட்டு ஆள் வந்து வாசலில் உட்காருவார். மரக்காணம் முதல் அனுமந்தை வரை பல வீடுகளில் இந்த மாதங்கள் கடினமான மாதங்கள். யாராவது அதிகம் பேசாமல் ஒதுங்கினால், "செத்தா தேவலாம்" என்று விளையாட்டாகச் சொன்னால்கூட, அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்பியப் பொறுப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சிநேகா எண் 044-24640050.

திருப்பலிக் கருத்து நோட்டு இம்மாதம் முழுவதும் சக்ரீஸ்து அறை மேசையில் இருக்கும். பெயரை மட்டும் எழுதினால் போதும்.