விண்தூசிக்கு விரித்த வலை

கரீபியன் தீவுகளில் கிழக்கே துருத்திக்கொண்டு நிற்பது பார்படோஸ். 1965-ல் அதன் கிழக்குக் கரையில், கடலைப் பார்த்த கோபுரம் ஒன்றில் ஆய்வாளர்கள் நைலான் வலை கட்டினார்கள். விண்வெளியிலிருந்து உதிரும் தூசியைப் பிடிப்பது அவர்கள் எண்ணம். அங்கே காற்று வரும் திசையில் ஆப்பிரிக்கா வரைக்கும் வெறும் கடல்தான். ஊர்ப் புழுதி வந்து கலக்க வழியில்லை.

வலையில் படிந்ததோ செம்பழுப்பு மண். அட்லாண்டிக்கைத் தாண்டி, 4,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்த ஆப்பிரிக்க மண்.

தமிழில் கீழ்காற்றுக்குக் கொண்டல் என்று பெயர். மழைமேகத்துக்கும் அதே பெயர்தான். பார்படோஸின் கொண்டல் கோடையில் சுமந்து வருவது சகாராவை. பாலைவனத்தில் சூடேறிய காற்று புழுதியோடு நாலைந்து கிலோமீட்டர் உயரம் எழுந்து, கடல்மேல் கிடக்கும் ஈரக்காற்றின் முதுகில் ஏறி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தீவை எட்டிவிடுகிறது. குளிர்காலத்தில் பாதை தெற்கே இறங்கும். அப்போது புழுதி அமேசான் காட்டின் பக்கம் போகும்.

மயாமி பல்கலைக்கழகத்தின் ஜோசப் ப்ராஸ்பெரோ இந்தத் தூசியை ஆண்டு தவறாமல் அளந்தார். 1970-களின் தொடக்கத்தில் அளவு மளமளவென்று ஏறியது. சகாராவின் தெற்கு விளிம்பான சாஹேலில் மழை பொய்த்துப் புல் கருகிய காலம் அது. வேர் பிடித்துவைக்காத மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1977-ல் அவரும் ரூபி நீஸும் எழுதினார்கள்.

1983, 1984-ல் தூசி இன்னும் ஏறியது. அதற்குச் சற்று முன்புதான் பசிபிக்கில் பெரிய எல் நினோ மூண்டிருந்தது. பசிபிக் கடல் சூடேறினால் வெப்பமண்டலக் காற்றோட்டமே இடம் மாறும். சாஹேலின் மழை பல வேளை குறையும். 1986-ல் அதே இருவரும் எல் நினோவையும் கணக்கில் சேர்த்தார்கள்.

1997-ல் வடக்கிலிருந்து இன்னொரு கை தெரிந்தது. ஐஸ்லாந்துப் பக்கத்துக் காற்றழுத்தத்துக்கும் அட்லாண்டிக்கின் அசோர்ஸ் தீவுகள் பக்கத்து அழுத்தத்துக்கும் இடையே வேறுபாடு மிகுந்தால், மழைப்புயல்கள் வட ஐரோப்பாவுக்கு விலகிப்போகும். வட ஆப்பிரிக்கா வறளும், காற்றும் வலுக்கும். அத்தகைய ஆண்டுகளில் கடல் தாண்டும் புழுதி அதிகம் என்று சிரில் மூலென் குழு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டியது.

2003-ல் ப்ராஸ்பெரோவும் பீட்டர் லாம்பும் 1965 முதல் 1998 வரையிலான அளவுகளைச் சாஹேலின் மழைக் கணக்கோடு பொருத்திப் பார்த்தார்கள். தூசி நெருங்கி ஒத்துப்போனது முந்தைய ஆண்டின் மழைக்குறைவோடு. பார்படோஸில் இந்தக் கோடையில் படியும் செம்மண், சாஹேலில் போன வருஷம் பெய்யாமல் போன மழை.