முதலாண்டுத் தோல்வியும் மேற்படிப்புக்கான காலக்கணக்கும்

எம்.பி.பி.எஸ். முதலாண்டில் ஒருவர் தோற்றால் அதை அறிவுக் குறைவாகக் கொள்வதே வழக்கம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஆலைத் தொழிலாளர் வீடுகளிலிருந்து மருத்துவம் படிக்க வருவோரின் நிலையைப் பார்த்தால் இக்கருத்து நிற்காது. அவர்களுக்கு இரு சிறப்பு வழிகள் உள்ளன. இ.எஸ்.ஐ. காப்பீட்டாளரின் பிள்ளைகளுக்கு, சென்னை கே.கே. நகர் கல்லூரி உள்ளிட்ட இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் தனி ஒதுக்கீடு உண்டு. பொதுவாக மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோரே இக்காப்பீட்டில் வருவதால், பெரிய கார் ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளரில் பலருக்கு இது எட்டாது. உதிரிபாக ஆலைகளில் வேலை செய்வோருக்கே மிகுதியும் பயன்படும். மற்றது, நீதிபதி கலையரசன் ஆணையத்தின் அறிக்கையை அடுத்து 2020இல் தமிழகம் சட்டமாக்கிய, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு.

இரண்டும் இடம் வாங்கித் தருகின்றன. இடர் அதன்பின் தொடங்குகிறது. உயிரியலைத் தமிழில் படித்து நீட்டையும் தமிழிலேயே எழுதியவர், உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றையும் ஒரே ஆண்டில் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். அசெம்பிளி லைனில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவருக்குக் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போவதை அம்மாணவர் வீட்டிலேயே கண்டிருக்கக்கூடும். மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுந்துவதே காரணம் என்பதும் புரிந்துவிடும். ஆனால் வைவா எனும் வாய்மொழித் தேர்வில் அந்நரம்பின் போக்கைத் தோளிலிருந்து விரல்வரை ஆங்கிலத்தில் தடங்கலின்றிச் சொல்ல வேண்டும். அங்கேதான் நாக்கு நின்றுவிடுகிறது. தேர்வு அளப்பது பாதி அறிவை, பாதி மொழிப் பழக்கத்தை. 2019 பாடத்திட்டம் கொண்டுவந்த தொடக்கநிலைப் பயிற்சியில் மொழிக்கும் இடம் உண்டு. சில வாரங்களில் முடிந்துவிடும் அப்பயிற்சி இதற்குப் போதாது.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள்படி முதலாண்டுத் தேர்வை நான்கு முயற்சிக்குள் முடிக்க வேண்டும். முழுப் படிப்புக்கும் உச்சவரம்பு ஒன்பது ஆண்டு. துணைத்தேர்வில் தேறினால் சகமாணவர்களோடு தொடரலாம். அதிலும் தவறினால் ஓராண்டு போய்விடும். விடுதிச் செலவும் வீட்டாரின் கேள்விகளும் அதன்பின் கூடும்.

மேற்படிப்பைப் பற்றிய அச்சமோ பெரும்பாலும் ஆதாரமற்றது. நீட் முதுநிலைத் தரவரிசைக்கு அத்தேர்வின் மதிப்பெண் மட்டுமே கணக்கு, எம்.பி.பி.எஸ். மதிப்பெண்ணோ, எத்தனை முறை எழுதினார் என்பதோ சேராது. தோல்வியின் உண்மையான விலை காலத்தில் இருக்கிறது. அத்தேர்வை எழுதப் பயிற்சி மருத்துவராக ஓராண்டை முடித்திருக்க வேண்டிய கடைசித் தேதி ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. 2025இல் அது ஜூலை 31. இறுதித் தேர்வைத் தாமதமாக முடித்தவர் சில வாரங்களால் அதைத் தவறவிட்டு இன்னொரு ஆண்டை இழக்க நேரும். அந்த இடைவெளியை அரசுப் பணியில் கழிப்பது வீணல்ல: பணியிலுள்ள மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தமிழக மருத்துவ அலுவலர் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது.

காலத்தோடு மனநலமும் கணக்கில் வர வேண்டும். மருத்துவ மாணவர் மனநலம் குறித்து தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழுவின் 2024 அறிக்கையின்படி, ஆய்வில் பங்கேற்ற இளநிலை மாணவரில் 27.8 சதவீதத்தினர் தமக்கு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிவித்தனர். கல்லூரிகள் ஆலோசகரை நியமிப்பது நல்லதே. அது மட்டும் தோல்வியைக் குறைக்காது. யார் பின்தங்குகிறார் என்பதை முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வே காட்டிவிடுகிறது. அந்த வாரத்திலேயே தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கும் சிறு வகுப்புகளைத் தொடங்க வேண்டும். துணைத்தேர்வு முடிவு வந்தபின் தொடங்கும் உதவி ஓராண்டு பிந்திய உதவி.