மேல்மலையனூர்

மேல்மலையனூர் விழுப்புரம் மாவட்டத்தின் வடமேற்கில் உள்ள ஊர், வட்டத் தலைநகர். செஞ்சிக்கு வடமேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், வளத்திக்கும் அவலூர்பேட்டைக்கும் இடையே அமைந்துள்ளது. முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1993-இல் உருவான விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2008 தொகுதி மறுவரையறையில் மேல்மலையனூர் என்ற சட்டமன்றத் தொகுதி மறைந்து, ஊர் செஞ்சித் தொகுதிக்குள் வந்தது.

வேலைக்கும் மேற்படிப்புக்கும் இவ்வூரார் செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று வெளியே போகிறார்கள். அமாவாசை இரவில் மட்டும் அந்த ஊர்களெல்லாம் இங்கே வருகின்றன. இங்குள்ள அங்காளபரமேஸ்வரி அம்மன் கோயிலின் ஊஞ்சல் உற்சவம் அன்று நள்ளிரவை ஒட்டி நடக்கும். சென்னை, புதுச்சேரி, பெங்களூரு பக்கமிருந்தெல்லாம் மக்கள் திரள்வார்கள். சிறப்புப் பேருந்துகள் விடப்படும்.

பிரமனின் தலையைக் கொய்த சிவனின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டது என்றும், அதற்கு இடும் உணவைச் சுடுகாட்டில் சூறைவிட்டு அம்மன் அக்கபாலத்தை விலக்கினாள் என்றும் தலபுராணம் சொல்லும். மாசியில், மகா சிவராத்திரிக்கு மறுநாள் நடக்கும் மயானக் கொள்ளை இதன் நினைவே. அம்மன் வேடமிட்டவர்கள் ஆவேசத்தோடு மயானம் செல்ல, வேகவைத்த தானியம், காய்கறி, கொழுக்கட்டை, நாணயம் எல்லாம் சூறையிடப்படும். கீழே விழுந்ததை எடுத்து வயலில் போட்டால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. மாசித் திருவிழாவின் ஐந்தாம் நாள் தீமிதி, ஏழாம் நாள் தேர். தேரை ஆண்டுதோறும் புதிதாகவே செய்கிறார்கள். கோயிலிலுள்ள புற்றின் மண்ணே பிரசாதம்.

பூசை உரிமை பருவதராஜ குலத்தாருக்கு உரியது. ஏரி, குளங்களில் மீன்பிடித்து வாழ்ந்த செம்படவர் மரபினர் இவர்கள். இத்தனை பெரிய கோயிலில் உழைக்கும் குலமொன்று தலைமுறை தலைமுறையாகப் பூசாரிகளாக இருப்பது, தமிழகச் சமய வரலாற்றில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டிய செய்தி.

சுற்றுவட்டாரம் பெரும்பாலும் மானாவாரி நிலமும் ஏரிப் பாசனமும் கொண்டது. நெல்லும் மணிலாவும் முக்கியப் பயிர்கள். மணிலா எனப்படும் நிலக்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்றும் பெயர். டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை, எள் ரகங்களின் பெயரில் உள்ளது திண்டிவனம்தான்; அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் அவை உருவாயின. விளைச்சலை விவசாயிகள் ‘கமிட்டி’ என்று அழைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு ஏற்றிச் செல்கிறார்கள்.

அருகிலுள்ள செஞ்சிக்கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளில் பரந்தது. 1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். 1690 முதல் எட்டாண்டு நீண்ட முகலாய முற்றுகையை அவர் மகன் ராஜாராம் இங்கிருந்து எதிர்கொண்டார். 1714-இல் போரில் மாண்ட செஞ்சியின் தேசிங்கு ராஜனை நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் இன்றும் மறக்கவில்லை. 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராட்டியக் கோட்டைகளுள் தமிழகத்தில் உள்ளது இது ஒன்றே. அருகே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிறது. திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர் சிற்பங்களும், சமண முனிவர் சந்திரநந்தி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டும் உள்ளன. செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் குடைந்ததாகப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதிவைத்த மண்டகப்பட்டும் இம்மாவட்டத்தில்தான்.

விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பு. திண்டிவனம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஊர். மேல்மலையனூருக்குச் சாலை மட்டுமே. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதிய ரயில்பாதை அறிவிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அது வந்தால் செஞ்சி வரை ரயிலில் வந்து, மீதித் தொலைவை மட்டும் பேருந்தில் கடக்கலாம்.